ஒன்பதாவது எட்டு

பெயின்டர் வாய்க்குள் எண்ணியபடி நடந்து பார்த்தார். நேராகப் பதினான்கு எட்டு, பிறகு இடது பக்கம் ஒன்பது. மண்ணில் வெடி புதைத்த இடமெல்லாம் சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். கேமரா ஓடுமுன் கொடிகளைப் பிடுங்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு எண்ணிக்கைதான் துணை.

படத்தில் எடுப்பது நிஜமாகவே நடந்த சண்டையாம். இப்படியொரு மேட்டைப் பிடிக்கப் போய் நூறு பேர் திரும்பவில்லை என்று காலையில் மைக்கில் சொன்னார்கள். பெயின்டிங் வேலை இல்லாத நாட்களில் கூட்டத்தோடு கூட்டமாக வந்து செத்துவிட்டுப் போகிறவர்தான் அவர். ஆனால் இன்று தனியாக வரவில்லை. ஆலை மூடியதிலிருந்து சும்மா இருந்த தங்கை கணவனை அவர்தான் அழைத்து வந்திருந்தார். "பத்திரமா கூட்டிட்டு வாண்ணே" என்று சொல்லித்தான் தங்கை அனுப்பினாள்.

"எண்ணிக்கை ஞாபகமிருக்கா மாப்ளே?"

"பதினாலு, அப்புறம் இடது. செத்தவங்களுக்கும் டீ உண்டுல்ல மச்சான்?"

"வாயைக் கழுவுங்க. என் முதுகைப் பார்த்தே ஓடி வாங்க, போதும்."

கொடிகளைப் பிடுங்கிய பிறகு டைரக்டருக்கு வெளிச்சம் பிடிக்கவில்லை. கேமராவை இடம் மாற்றினார்கள். எல்லோரும் முடிக்கிற இடத்திலிருந்து திரும்பி ஓடிவர வேண்டுமாம். அப்படியானால் முதலில் ஒன்பது, பிறகு வலது. தன் பின்னால் வரவேண்டிய மாப்பிள்ளை இப்போது முன்னால் ஓடுவான்.

பெயின்டர் உதவி டைரக்டரிடம் ஓடினார். "சார், கொடியை நட்டு ஒரு தடவை காட்டிடுங்க சார்."

"வெளிச்சம் போகுதுய்யா! பயமா இருந்தா பட்டாள உடுப்பைக் கழட்டிட்டுக் கிளம்பு."

அவர் திரும்பி வருவதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

"மாப்ளே, ஒன்பது! வலது!" தொண்டை கிழியக் கத்திக்கொண்டே பின்னால் ஓடினார். எல்லோரும் ஏதோ கத்திக்கொண்டுதான் ஓடினார்கள். ஒன்பதாவது எட்டில் மாப்பிள்ளை திரும்பவில்லை. பத்து, பதினொன்று என்று நேராகவே போனான்.

மண் மழையாகக் கொட்டியது. புகைக்குள்ளிருந்து அவன் அலறல் கேட்டது.

"அருமை! அப்படியே கத்து!" என்றது மைக். "செத்தவங்க யாரும் அசையாதீங்க!"

யாரும் அசையவில்லை. பெயின்டர் மட்டும் ஓடிப்போய் அவன் தொடையை இரு கையாலும் அழுத்திப் பிடித்தார். விரல் இடுக்கில் சூடாக வழிந்தது.

"யாருய்யா அது குறுக்கே? ஷாட்டே போச்சு!"

படக்குழுவில் இரண்டு பேர் வந்து குனிந்து பார்த்தார்கள். முகம் வெளிறிய ஒருவன் வேனைக் கூப்பிடப் போனான். மற்றவன் மண்டியிட்டு மாப்பிள்ளையின் உடுப்புப் பொத்தான்களை அவசரமாகக் கழற்றினான்.

"என்ன சார் பண்றீங்க? ரத்தம் போகுது சார்!"

"இந்த உடுப்போட ஆஸ்பத்திரிக்கு அனுப்பக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. ஷூட்டிங்ல அடிபட்டதுன்னு தெரிஞ்சிடுமாம். நீ காலை விடாம பிடி."

பெயின்டர் விடவில்லை. வேனோடு வந்தவர்கள் மாப்பிள்ளையின் தலையை நிமிர்த்தி, அவன் வீட்டிலிருந்து போட்டுவந்த சட்டையை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.