இந்துஜாவைப் பார்க்க வந்த கேமிங் லேப்டாப்

எங்கள் ஊரில் யாரும் கடைக்குப் போய் லேப்டாப் வாங்குவதில்லை. காலேஜ் சேரும் பிள்ளையை லேப்டாப்தான் வீட்டுக்கு வந்து பார்க்கும். பிடித்தால் தங்கும். பிடிக்காவிட்டால் கேசரியைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடும்.

என் மகள் இந்துஜாவுக்கு ஆர்க்கிடெக்சர் சீட் கிடைத்திருந்தது. போன வாரம் ஒல்லியான லேப்டாப் ஒன்று வந்தது. அடக்கமான பிள்ளை, ஒரு தடவை சார்ஜ் போட்டால் சாயங்காலம் வரை தாங்குமாம். எனக்கு வாயெல்லாம் பல். இவள் ஒரு மாடி வீட்டை வரையச் சொன்னாள். படிக்கட்டு வருவதற்குள் மயங்கி விழுந்துவிட்டது. தண்ணீர் தெளிக்கக் கூடாதே என்று விசிறிவிட்டு அனுப்பினோம்.

இந்த வாரம் கேமிங் லேப்டாப். தரகர் பெரியநாயகம் மூச்சு வாங்கத் தூக்கி வந்து சோபாவில் வைத்தார். கீபோர்டு முழுக்கச் சீரியல் செட் மாதிரி விளக்கு. உட்கார்ந்ததும் மிக்ஸி போலச் சத்தம் வேறு.

"விளையாட்டுப் புத்தி. இத நம்பிப் பிள்ளைய அனுப்பவா?" என்று என் வீட்டுக்காரர் காதைக் கடித்தார்.

இந்துஜா அதே வீட்டைக் கேட்டாள். நான் காபி ஆற்றி முடிப்பதற்குள் அது வீட்டைக் கட்டி, ஜன்னலுக்கு ஜன்னல் வெயிலும் விழ வைத்திருந்தது. இந்துஜா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

"மறைக்கக் கூடாது பாருங்க," என்றது லேப்டாப். "பிளக் இல்லாம எனக்கு ரொம்ப நேரம் தாங்காது."

அவள் வகுப்பில் பிளக் பாயின்ட் கடைசி பெஞ்சில் மட்டும்தான். அங்கிருந்து இவளுக்குப் போர்டு தெரியாது.

"வகுப்பையும் ஒரு வார்த்தை கேட்டுருவோமே," என்றார் தரகர்.

காலேஜ் லீவு என்பதால் வகுப்பறை மறுநாளே வந்தது. வாசலில் ஒருக்களித்து நுழைந்து, கேசரி சாப்பிட்டு, இந்துஜாவின் கண்ணாடியை வாங்கி மாட்டிப் பார்த்தது. "நல்ல பவர்தான்," என்று திருப்பிக் கொடுத்தது. பிறகு போர்டைக் கழற்றிப் பின்சுவரில் மாட்டிக்கொண்டு பெஞ்சுகளைத் திரும்பச் சொன்னது. கடைசி பெஞ்சு முதல் பெஞ்சானது. லேப்டாப் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

பழைய முதல் பெஞ்சு மட்டும் மூலையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது. இனி அதில் யார் உட்காருவார்கள்?

"உங்களுக்குக் கண் எப்படிம்மா?" என்று வகுப்பறை என்னைக் கேட்டது.

"தூரம் நல்லாத் தெரியும்," என்றேன்.

திங்கட்கிழமையிலிருந்து அதில் நான்தான் உட்காருகிறேன்.