வெந்நீர்த் துணி

ஊரிலுள்ள குழாய்களையெல்லாம் சரிசெய்து ஓய்வு பெற்ற பிளம்பருக்கு, சொந்தப் படகின் கழிவறை நாற்றம் தண்ணி காட்டியது. இனி கடலோடு காலம் தள்ளலாம் என்று ஆசை ஆசையாய் வாங்கிய பழைய பாய்மரப் படகு. மனைவி ஏறினாள், மூக்கைப் பொத்தினாள், தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். நாற்றம் போகிறவரை திரும்ப மாட்டாளாம். மூன்று வாரம் ஆகிவிட்டது.

மனிதர் சும்மா இருக்கவில்லை. கழிவறையை அலசக் கடலிலிருந்து இழுத்து, குழாயில் தேங்கி அழுகிய நீரை நல்ல தண்ணீர் விட்டுத் தள்ளினார். காற்றோட்டம் இல்லாத கழிவுத்தொட்டி நாறத்தான் செய்யும் என்று, அடைத்துக் கிடந்த காற்றுக்குழாயைக் கம்பியால் குத்திவிட்டார். வினிகர் ஊற்றினார். இத்தனைக்கும் பிறகு நாற்றம் போயிற்றா? அதுதான் அவருக்குத் தெரியாது. போன வருடக் காய்ச்சலோடு அவர் மூக்கு வேலையை நிறுத்திவிட்டது. வீம்பு பிடித்தவர், யாரிடமும் சொல்லவில்லை.

கடைசியில், நடப்பது நடக்கட்டும் என்று போன் செய்தார். "சுத்தமா போயிடுச்சு, வந்துடு."

பெட்டியோடு வந்தவள் படியிலேயே நின்றுவிட்டாள். "அப்படியேதான் இருக்கு. என்னை வரவைக்கப் பொய் சொன்னீங்களா?"

"இரு, இப்பவே பாத்துடலாம்."

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கழிவுக்குழாயில் சுற்றினார். ஆறியதும் எடுத்து முகர வேண்டும். துணி நாறினால் குழாயே ஊறிப்போய்விட்டது, மாற்றியே ஆக வேண்டும். ஆறிய துணியை மூக்கில் வைத்து ஆழமாக இழுத்தார்.

"பாரு, ஒண்ணுமே இல்ல."

மூன்றடி தள்ளி நின்றவளுக்குக் குமட்டியது. அவரோ முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை.

"ஏங்க, உங்களுக்கு வாசனையே தெரியலையா?"

அவர் துணியை மடித்தார். மறுபடி பிரித்தார்.

"எப்பலேருந்து?"

"அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம்."

"தினமும் என் சமையல் தெருமுனை வரைக்கும் மணக்குதுன்னு சொன்னீங்களே?"

"நீ செஞ்சா மணக்காம இருக்குமா?"

கோபப்பட வேண்டிய இடம்தான். அவளுக்கு அழுகைதான் வந்தது. ஒரு வருடமாக இந்த மனிதர் ருசி கெட்ட வாயோடு தட்டைக் காலி செய்திருக்கிறார்.

பெட்டியை உள்ளே இழுத்து வைத்தாள். துணியை அவர் கையிலிருந்து பிடுங்கி வெந்நீரில் முக்கினாள்.

"இந்தக் குழாய் போச்சு, மாத்துங்க. அடுத்த குழாய் எங்க இருக்கு?"