இரண்டு எண்ணிக்கை

பாடகர் ஸ்ரீவத்ஸன் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தார். கடைசி வரிசைக்கும் தெரிகிற மாதிரி, போனால் போகிறது என்று மன்னிக்கிற சிரிப்பு. மங்கையர்க்கரசியின் விரல்கள் மிருதங்கத்தில் பாட்டுக்கு வாசித்துக்கொண்டேயிருந்தன. காது மட்டும் கொதித்தது.

தப்பு அவருடையது. ஸ்வரத்தை முடிக்க அவர் போட்ட கணக்கு என்னவோ அழகானதுதான். ஏழு எண்ணிக்கை ஸ்வரம், இரண்டு எண்ணிக்கை நிறுத்தம், மறுபடி ஏழு, மறுபடி நிறுத்தம், கடைசியாக ஏழு. பாடுகிற வேகத்தில் இரண்டாவது நிறுத்தத்தை விழுங்கிவிட்டார். பாட்டை எடுக்கவேண்டிய இடத்துக்கு இரண்டு எண்ணிக்கை முன்னாலேயே வந்து விழுந்தார். அந்த நொடியில் பக்கவாத்தியத்துக்கு ஒரே வேலைதான்: பாடுகிறவரைக் கைவிடக் கூடாது. அரசி யோசிக்கவே இல்லை. தன் முத்தாய்ப்பைக் கத்தரித்துக்கொண்டு அவரோடு போய் விழுந்தாள். அவரோ அதற்குள் சுதாரித்து, சரியான இடத்துக்குத் தாவி, அவளைத் தப்பான இடத்தில் தனியாக விட்டுவிட்டார். அதற்குப் பிறகுதான் அந்தச் சிரிப்பு.

"பொண்ணு கவுத்துடுத்து பாத்தேளா," என்றார் முன்வரிசையில் ஒருவர்.

"நான் அப்பவே சொன்னேன் ஓய். ஆறரை மணிக் கச்சேரியாச்சே. இவாளுக்கெல்லாம் மத்தியான ஸ்லாட்டே ஜாஸ்தி."

அந்த 'இவாளுக்கெல்லாம்' மேடைவரை வந்தது. பெண் என்பதற்காகவா, பஸ் கண்டக்டர் மகள் என்பதற்காகவா என்று அரசி பிரித்துப் பார்க்கவில்லை. இரண்டுக்கும் சேர்த்துத்தான் இருக்கும். பன்னிரண்டு மார்கழிகளாக மதியம் ஒரு மணிக்கு, கேண்டீனில் சாப்பிட்டுவிட்டுத் தூங்க வந்தவர்களுக்கு வாசித்தவள் அவள். பெரிய வித்வான் ஒருவருக்கு வாசிப்பது இதுதான் முதல் தடவை. 'தாளத்தில் விழுகிறவள்' என்ற பேச்சு இன்று கேண்டீன் வரை போனால் போதும். நாளைக்குள் எல்லா சபா காரியதரிசிக்கும் எட்டிவிடும். அப்புறம் ஒரு மணிக் கச்சேரிகூடக் கிடைக்காது.

வயலின் முகுந்தன் சுருதி சேர்க்கிற சாக்கில் இந்தப் பக்கம் சாய்ந்தார். "விட்டுடும்மா. எங்களுக்குத் தெரியும்."

"எங்களுக்குன்னா யாருக்கு சார்? உங்களுக்கும் எனக்குமா?"

அவர் வில்லைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஸ்ரீவத்ஸன் பல்லவியை நிறுத்திவிட்டு அவள் பக்கம் கையைக் காட்டினார். தனி ஆவர்த்தனம், மிருதங்கம் மட்டும் வாசிக்கிற நேரம். "சுருக்கமா முடிச்சுக்கோம்மா, நாழியாயிடுத்து," என்றார், மைக்கை விலக்காமலே. சபையில் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"சுருக்கமாவே முடிச்சிடறேன் சார்."

சுருக்கமாகத்தான் வாசித்தாள். வழக்கமான நடை மாற்றங்கள், வேகம் காட்டுகிற ஜாலம் எதுவும் இல்லை. முன்வரிசை கடிகாரத்தைப் பார்த்தது. மோராவை வைத்துவிட்டு, தனியை முடித்துவைக்கிற கோர்வைக்கு வந்தாள். அவளே கட்டிய கோர்வைகள் முப்பதாவது இருக்கும். எதையும் எடுக்கவில்லை. அவர் போட்ட ஏழு-இரண்டு கணக்கையே எடுத்தாள்.

மிருதங்கத்தில் ஏழு சொற்கள். நிறுத்தம். வலது கையை மிருதங்கத்துக்கு மேலே தூக்கி, எல்லோரும் பார்க்கிற மாதிரி, அந்த இரண்டு எண்ணிக்கையும் அப்படியே வைத்திருந்தாள். மறுபடி ஏழு. மறுபடி கை மேலே. அவர் விழுங்கிய இடம் இப்போது ஹால் முழுக்க வெறுமையாகக் கேட்டது. கடைசி ஏழு சரியான இடத்தில் போய் உட்கார்ந்தது.

தனி வாசிக்கும்போது தாளம் போடுவது பாடுகிறவர் கடமை. ஸ்ரீவத்ஸன் தொடையில் போட்டுக்கொண்டிருந்தார். முதல் தடவை அவர் கை சத்தமாக விழுந்தது. கோர்வையை மூன்று முறை வாசிப்பார்கள். இரண்டாவது தடவை சத்தம் குறைந்தது. முன்வரிசையில் விரல் மடக்கிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிமிர்ந்து அரசியைப் பார்த்தார். பிறகு பாடகரைப் பார்த்தார். பக்கத்துக்காரர் ஏதோ கேட்டார். இவர் மறுபடி முதலிலிருந்து விரல் மடக்கி எண்ண ஆரம்பித்தார்.

மூன்றாவது தடவை அரசி யாரையும் பார்க்கவில்லை. ஏழு. இரண்டு. ஏழு. இரண்டு. ஏழு.

பாட்டை எடுக்கவேண்டிய இடம் வந்தது. முகுந்தனின் வில் எடுத்தது. ஸ்ரீவத்ஸனின் உள்ளங்கை தொடையில் விழுந்தபடியே இருந்தது, வாய் திறக்கவில்லை. வயலின் தனியாகப் பல்லவியில் போய்க்கொண்டிருந்தது. அரசி அதற்கு மெல்ல வாசித்துக்கொண்டே அவர் உதட்டைப் பார்த்தாள், அவர் வந்து சேரக்கூடிய அடுத்த ஆவர்த்தனத்துக்கு இன்னும் நாலு எண்ணிக்கை இருந்தது.