ராரோடோங்காவுக்கு இரண்டு பேர்

அந்தத் தீவின் பெயரைப் பூங்கோதைக்கு முதலில் சொன்னவளே பிலோமினாதான். நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஓராண்டு, டில்லி சாணக்யபுரியில் வயதான வெளிநாட்டு அம்மாள் ஒருவரைப் பகலில் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. அந்த அம்மாள் பிறந்த ஊர் ராரோடோங்கா. பசிபிக் கடலின் நடுவே, சுற்றி வந்தால் முப்பத்திரண்டு கிலோமீட்டர் மட்டுமே உள்ள பாலினீசியத் தீவு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஊர்க்காரர்கள் சேர்ந்து பாடினால் கூரை அதிரும் என்று அவர் சொல்வாராம். அதை ஒரு தடவை நேரில் கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை பிலோமினாவைப் பிடித்துக்கொண்டது.

லக்ஷ்மிபாய் நகரில் கணக்கு டீச்சராக இருந்த பூங்கோதைக்குக் கடல் என்றாலே போதும், உடனே சரி என்றாள். அமைச்சகத்தில் வேலை பார்க்கும் உஷாராணி மூன்றாவதாகச் சேர்ந்தாள். தீவின் பெயரிலேயே ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கினார்கள். ஏழு நாளுக்கும் என்னென்ன செய்வது என்று பிலோமினா நோட்டில் எழுதி வைத்தாள். தீவைச் சுற்றி இரண்டு பஸ்கள் ஓடுகின்றன, ஒன்று வலமாக, மற்றது இடமாக. முதல் நாள் ஒன்றில் ஏறி முழுச்சுற்று, மறுநாள் மற்றதில். "திசை தெரியாமப் போயிட்டாலும் தொலைஞ்சு போக முடியாதுட்டி" என்பாள்.

ஒத்திகை பார்ப்பதுபோல் நவம்பரில் மூவரும் ஜெய்ப்பூர் போனார்கள். இரண்டாம் நாள் விடியும்போது குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுப் பூங்கோதை கண்விழித்தாள். குளியலறையில் பிலோமினா படுக்கை விரிப்பை அலசிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தூக்கத்துல தெரியாமப் போயிருச்சு, பூங்கோத. மாத்திர சாப்பிடுதேன். ஒருத்தர்ட்டயும் சொல்லிராத."

"நான் யார்கிட்டக்கா சொல்லப் போறேன்" என்று பூங்கோதை விரிப்பின் மறுமுனையைப் பிடித்து முறுக்கினாள். பக்கத்து அறையில் இருந்த உஷாராணி எழுவதற்குள் அதைப் பால்கனியில் காயப் போட்டுவிட்டார்கள்.

டில்லி திரும்பிய அதே வாரம் உஷாராணியிடம் பூங்கோதை சொல்லிவிட்டாள். அவசியம் ஒன்றும் இல்லை. அக்கா ரொம்ப மெதுவாக நடக்கிறார் என்று உஷாராணி போனில் சலித்துக்கொண்டாள், அந்தப் பேச்சோடு பேச்சாக வாயிலிருந்து விழுந்துவிட்டது. சொன்னபோது ஒரு சின்ன ருசி இருந்ததையும் பூங்கோதை கவனித்தாள். அதன்பிறகு பயணப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக அவர்கள் இருவருக்குள் மட்டும் என்று ஆகிப்போனது. குரூப்பில் பிலோமினா ஏதாவது கேட்டால் இருவரும் கும்பிடும் கைகளைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தார்கள்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, துணி மடித்துக்கொண்டே பூங்கோதை உஷாராணிக்குக் குரலில் ஒரு செய்தி அனுப்பினாள்.

"உஷா, ஜூன் முதல் வாரம் வச்சுக்கலாம், எனக்கு ஸ்கூல் லீவு. அக்காகிட்ட இப்போதைக்கு ஒண்ணும் சொல்லாதே. அப்புறமா ஏதாவது காரணம் சொல்லிக்கலாம். அவ்வளவு தூரம் போய் ஜெய்ப்பூர் மாதிரி பெட்ஷீட் அலசிட்டு இருக்க முடியாது, பாரு." முடிவில் சிரிப்பும் பதிவாகியிருந்தது.

இருபது நிமிடம் கழித்து உஷாராணி போன் செய்தாள். "டீச்சர், குரூப்ல போட்டுட்டீங்க. உடனே அழிங்க."

அழித்துவிட்டாள். அதற்குள் பிலோமினா கேட்டாளா இல்லையா என்பது தெரியவில்லை. குரூப்பில் அவளிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. மறுநாள் பிற்பகல் வரை பொறுத்துப் பார்த்த பூங்கோதை, கொஞ்சம் திராட்சை வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடித்துக் கோல் மார்க்கெட் போனாள். பிலோமினா அங்கே மகன் பென்சனுக்குக் கிடைத்த அரசாங்கக் குவார்ட்டர்ஸில், மருமகள் ஃபெபியோடும் இரண்டு பேரப்பிள்ளைகளோடும் இருந்தாள்.

கதவைத் திறந்தவள் எப்போதும்போல "வா, வா" என்றாள். தேநீர் கொண்டுவந்தாள். பள்ளிக்கூடப் பரீட்சை பற்றி விசாரித்தாள். ஒன்றும் கேட்டிருக்க மாட்டாள் என்று பூங்கோதைக்கு மூச்சு சீராகி வந்த நேரத்தில், பிலோமினா உள்ளே போய் ஒரு ஃபைலோடு வந்தாள்.

"நியூசிலாந்து வழியாப் போகணும்லா, அதுக்கு டிரான்ஸிட் விசா பாரம் இதுல இருக்கு. நீயும் உஷாவும் நெறச்சுக்கிடுங்க. நான் வரல்ல."

"ஏங்க்கா?"

"பென்சன் விட மாட்டேங்கான். இந்த வயசுல அவ்வளவு தூரம் எதுக்குங்கான்."

பூங்கோதை ஃபைலை வாங்கிக்கொண்டாள். காரணம் தேடும் வேலையும் மிச்சமாயிற்று. "அப்படியாக்கா" என்று முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டாள். மனசுக்குள் ஏதோ இறக்கி வைத்ததுபோல் லேசாக இருந்தது.

ஆட்டோ ஏற்றிவிட ஃபெபி கூடவே படியிறங்கினாள். டில்லியில் பிறந்து வளர்ந்தவள், தமிழ் கொஞ்சம் தடுக்கும். வேப்பமரத்தடியில் நின்றாள்.

"ஆன்ட்டி, உங்க வாய்ஸ் மெசேஜ் நான்தான் ப்ளே பண்ணேன். அம்மா கண்ணாடி தேடிட்டு இருந்தாங்க. ஸ்பீக்கர்ல போடுன்னு சொன்னாங்க. ட்ரிப் பத்தி ஏதோ நியூஸ்னு நெனச்சாங்க. நாங்க சாப்பிட்டுட்டு இருந்தோம். பென்சன், பசங்க, எல்லாரும். எங்களுக்கு அந்த விஷயமே தெரியாது ஆன்ட்டி. பென்சன் போக வேணாம்னு சொல்லவே இல்ல."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. கணக்குக்கு விடை சரியா என்று கேட்கும் பிள்ளையைப்போல அவள் நின்றாள். பூங்கோதைக்குக் காதும் கழுத்தும் எரிந்தன. ஆட்டோக்காரரைப் போகச் சொல்லிவிட்டு மறுபடி படியேறினாள்.

பிலோமினா திராட்சையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க கேட்டுட்டீங்கன்னு ஃபெபி சொன்னா."

"சொல்லிட்டாளா." குழாயை மூடினாள். "நீ சொன்னது பொய்யில்லையே. வந்தா அலசத்தான் வேண்டியிருக்கும்."

"தப்புக்கா. மன்னிச்சிடுங்க."

"உஷாட்ட எப்பச் சொன்ன? நேத்தா?"

நேற்று என்று சொல்லிவிடலாம். நாக்கு அதற்குத் தயாராகவும் இருந்தது.

"ஜெய்ப்பூர்லேர்ந்து வந்த வாரமே."

பிலோமினா ஈரக்கையோடு நாற்காலியில் உட்கார்ந்தாள். "அப்ப நாலு மாசமா அவ எல்லாம் தெரிஞ்சுதான் எங்கூடப் பேசியிருக்கா. கிறிஸ்மஸுக்கு வந்து என் கட்டில்ல உக்காந்துட்டுப் போனாளே, அப்பவும்."

பூங்கோதை அழுதாள். பிலோமினா அழவில்லை, தேற்றவும் இல்லை.

"பேரன் நேத்து ராத்திரி எம்பக்கத்துல படுக்க மாட்டேன்னுட்டான். சின்னப் புள்ள, அவன ஒண்ணும் சொல்ல முடியாது" என்றாள். பிறகு, "நீ கிளம்பு, பூங்கோத. வெயில் சாயட்டும்னு பாத்தா பஸ்ஸெல்லாம் கூட்டமாயிரும்."

ஃபைலை மேசைமேல் வைத்துவிட்டுப் பூங்கோதை வெளியே வந்தாள். உஷாராணி அதன்பிறகு இரண்டு தடவை தேதி கேட்டாள். "நீ வேற ஆள் பாத்துக்கோ, நான் வரலை" என்று மட்டும் பூங்கோதை சொன்னாள். உஷாராணியும் போகவில்லை. பிலோமினாவுக்குப் பூங்கோதை போட்ட ஈஸ்டர் வாழ்த்துக்கு, "உனக்கும்" என்று ஒரே சொல்லில் பதில் வந்தது.

ஜூன் இரண்டாம் வாரம் ஐஎன்ஏ மார்க்கெட்டில் மீன் வாங்க நின்றபோது பக்கத்தில் பென்சன் வந்து நின்றான்.

"நல்லா இருக்கீங்களா ஆன்ட்டி?"

"நல்லா இருக்கேன்பா. அம்மா?"

"அம்மா ஊர்ல இல்ல ஆன்ட்டி. ராரோடோங்கா போயிருக்காங்க, ஒரு வாரம். ஃபெபி லீவு போட்டுக் கூட்டிட்டுப் போயிருக்கா. அங்க ஞாயித்துக்கிழமை காலைல, நமக்கு நடுராத்திரி, கோயிலுக்குள்ளேர்ந்து போன் பண்ணாங்க. பாட்டுச் சத்தத்துல அம்மா பேசினது ஒண்ணுமே கேக்கல." சிரித்தான். எப்போதும்போல மரியாதையாகத்தான் பேசினான்.

சாப்பாட்டு மேசையில் இவனும்தான் இருந்தான் என்பது நினைவுக்கு வர, பூங்கோதை அவன் முகத்தைப் பார்க்காமல் ஐஸ்மேல் பரப்பியிருந்த மீன்களையே பார்த்தாள். "சந்தோஷம்பா" என்றாள். கடைக்காரர் "க்யா தூம் ஆன்ட்டிஜி?" என்று இரண்டாம் தடவை கேட்டார். என்ன வாங்க வந்தோம் என்பது மறந்துபோயிருந்தது. கைக்கு எட்டிய ஒரு மீனைக் காட்டிவிட்டு, பென்சன் முதலில் போகட்டும் என்று பையைப் பிரித்து மடித்துக்கொண்டு நின்றாள்.