குடிக்காத இளநீர்

கூட்ட நாளில் பிரதேச சபை உறுப்பினர் யசோதினி காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. வாவிக்கரையில் இருந்த அந்தச் சபைக் கட்டடத்தில் ஆண்களுக்கு இரண்டு கழிப்பறைகள். பெண்களுக்கு ஒன்றுகூட இல்லை.

அன்று கூட்டம் பார்க்க வந்திருந்தவர், ஆபிரிக்க நாடொன்றில் இருபது வருடம் பாராளுமன்றத்தில் இருந்த அம்மையார். கூட்டத்துக்கு முன் எல்லோருக்கும் கொடுத்த இளநீரை யசோதினி தொடாததைக் கண்டு காரணம் கேட்டார். மொழிபெயர்க்க வந்த றஜனிதான் இரண்டு பக்கமும் சொன்னாள்.

“அவவும் நாலு வருசம் தண்ணி குடியாமத்தான் பாராளுமன்றம் போனவவாம். அவட முதல் பிரேரணையே கழிப்பறைதானாம். எல்லாரும் சிரிச்சவங்களாம். ஆனா கட்டினவங்களாம்.”

யசோதினி இளநீரை ஒரு சொட்டு மிச்சமின்றிக் குடித்தாள். கூட்டம் தொடங்கி அரைமணி நேரத்தில் எழுந்து நின்றாள்.

“தவிசாளர் அவர்களே, எனக்கு இப்ப வெளியால போகணும். எங்க போறது எண்டு சபை தீர்மானிக்கட்டும்.”