ஆள்பவனை நீக்குதல்: பதினொரு பக்கங்கள்

அண்ணன் பத்து வருஷம் உட்கார்ந்து எழுதிய புத்தகம் அது. எந்தெந்த நாட்டில், எந்தெந்தக் காலத்தில், ஆட்சியைப் பற்றி மனிதர்கள் என்னென்ன நினைத்தார்கள் என்று எழுநூறு பக்கம். வானம் கொடுத்த அரசுரிமையை வானமே பறித்துக்கொள்ளும் என்றவர்கள், மன்னனும் சட்டத்துக்குக் கீழேதான் என்றவர்கள், குடிகளுக்குக் கொடுத்த வாக்கை மீறியவன் அரசனே அல்ல என்றவர்கள், எல்லாரும் அதில் இருந்தார்கள். கொடியவன் ஆண்டால் இறக்கிவிடலாம் என்ற பேச்சை மட்டும் அண்ணன் ஒளித்து எழுதியிருந்தான். அத்தியாயத்துக்கு ஒரே ஒரு வரி, அதுவும் நீண்ட பத்தியின் நட்டநடுவில். தணிக்கை அதிகாரி முப்பதாம் பக்கத்திலேயே கொட்டாவி விட்டு முத்திரை குத்திவிட்டார்.

குட்டை உடைத்தவள் தங்கை. எந்த விஷயம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று புத்தகத்தின் கடைசியில் வருமே அடைவு, அதைத் தயாரிப்பதுதான் அவள் தொழில். விஷயத்துக்கு ஓர் அட்டை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவாள், ஒரு வரி தப்பாது. 'ஆள்பவனை நீக்குதல்' என்று ஓர் அட்டை போட்டாள், பதினொரு பக்க எண்கள் சேர்ந்தன. அண்ணன் பாடுபட்டுச் சிதறடித்ததை ஒரே வரியில் திரட்டி வைத்துவிட்டோமே என்று அந்தக் கெட்டிக்காரிக்கு உறைக்கவே இல்லை. தங்கையின் வேலையை அண்ணனும் ஒருநாளும் சரிபார்த்ததில்லை.

புத்தகம் கடைக்குப் போன மூன்றாம் நாள் காலை, அண்ணனும் தங்கையும் இருந்த அச்சகத்தின் கதவை உடைத்துக்கொண்டு சிப்பாய்கள் வந்தார்கள். பைண்டிங் மேசையில் அண்ணனின் வலது கையை விரித்துப் பிடித்தார்கள்.

"நான் எந்தப் புத்தகத்தையும் பின்னாலேர்ந்துதான் படிப்பேன்," என்றான் கேப்டன். அடைவில் அந்த வரியைத் தேடி விரல் வைத்தான். "தொண்ணூத்திரண்டு."

பைண்டரின் சுத்தியல் சுண்டுவிரலில் இறங்கியது. நூற்று அறுபதுக்கு மோதிர விரல். இருநூற்று முப்பதுக்கு நடுவிரல். ரத்தம் அச்சடித்த தாள்களில் தெறித்தது.

"ஒளிச்சு எழுதுறவன் இப்படிப் பட்டியல் போடமாட்டான். யாருடா போட்டது?"

"நான்தான்," என்று முனகினான் அண்ணன்.

"இல்ல சார், நான் போட்டேன்! எங்க அண்ணனை விட்டுடுங்க!"

"பொய் சொல்றா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

கேப்டன் புத்தகத்தை மூடினான். "வரிவிதிப்பு?"

"நாப்பத்தொண்ணு, இருநூத்தி ஏழு, அறுநூத்திப் பதிமூணு."

"அடிமைமுறை?"

அதையும் ஒப்பித்தாள். ஒவ்வொரு எண்ணாலும் அண்ணனை மீட்பதாக நினைத்தாள், பாவி. கேப்டனின் முகம் மலர்ந்தது.

"எங்க ஆபீஸ்ல நாலாயிரம் ஃபைல் கிடக்கு. எவன் யாரைப் பார்த்தான், எந்த வீட்டுல தங்கினான்னு மூலைக்கு ஒண்ணா எழுதி வச்சிருக்கானுங்க. நீ வந்து ஆள்வாரியா சேர்த்துக் குடு. வரலேன்னா, இவனுக்கு இன்னும் ஏழு விரல் இருக்கு."

பக்க எண்கள் இருந்த இடத்தில் இனி வீட்டு விலாசங்கள் இருக்கும். ஒன்றுகூடத் தப்பாது, அவள் வேலை அப்படி. இருந்தும் அந்த நேரத்தில் ஊரார் உயிர் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. எவன் எக்கேடு கெட்டால் என்ன, இது என் அண்ணன். வருகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

சிப்பாய்களின் பிடி தளர்ந்திருந்தது. அண்ணன் நழுவிய கையைத் தானே தூக்கி மேசைமேல் வைத்தான். உடைந்த மூன்று விரல்களும் தொங்க, சுட்டுவிரலைப் பிரித்து நீட்டினான்.

"போகாதேம்மா."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"வரமாட்டேன்," என்றாள்.

சுத்தியல் இறங்கியது. அண்ணன் அலறினான். அலறிக்கொண்டே கட்டைவிரலை நீட்டினான்.