ரயிலேறிப் போன கூட்டம்

குடியை விட்டுவிடலாம் என்று தீர்மானித்த டோகாஷிக்கு ஊர்வாயை நினைத்துத்தான் பயம். உள்ளூரிலேயே குடியை விட்டவர்களின் சங்கம் ஒன்று இருந்தது. அங்கே போனால் மறுநாள் மீன் சந்தை முழுக்க அதே பேச்சாக இருக்கும். அதனால் ரயிலில் ஒன்றரை மணி நேரம் தள்ளி, ஹச்சினோஹே நகரத்தில் ஒரு சங்கத்தைத் தேடிப் பிடித்தார். சனிக்கிழமை மத்தியானம் தொப்பியும் முகக்கவசமும் மாட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

காலியாக இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பக்கத்தில் பார்த்தால், அங்கேயும் தொப்பியும் முகக்கவசமுமாக ஒருவர். கண்ணைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது: பதினேழு வருஷமாக அவருக்குச் சரக்கு விற்கும் தெருமுனைக் கடைக்காரர் நெசு!

“நீங்க எங்கய்யா இங்க?”

“நம்மூர்ல போனா, விக்கிறவனே குடிகாரன்னு சிரிப்பாங்களே!”

“தினம் எனக்கு எடுத்து நீட்டினதே நீங்கதானே?”

“நீங்க சப்புக்கொட்டி வாங்கிட்டுப் போவீங்க. அதைப் பாத்து எனக்கும் நாக்கு ஊறும்!”

சங்கத்துத் தலைவி இருவரையும் எழுந்து பேசச் சொன்னார். ஆளுக்கு ஆள் மற்றவர்மேல் பழி போட்டதில் கூட்டமே வயிறு குலுங்கச் சிரித்தது. கடைசியில் அவர்களும் சிரித்துவிட்டார்கள்.

திரும்பும் ரயிலில் நெசு சொன்னார்: “இனிமே கடைப்பக்கம் வராதீங்க.”

“அப்புறம் உங்க பொழப்பு?”

“அரிசியும்தான் விக்கிறேன். இத்தனை வருஷத்துல ஒரு கிலோவாவது வாங்கியிருப்பீங்களா?”

டோகாஷி யோசித்தார். “அஞ்சு கிலோ எடுத்து கடை வாசல்லயே வச்சிருங்க. உள்ள மட்டும் கூப்பிடாதீங்க.”